அத்திவாரமும் அறைகளும்

மலைநாட்டுப் பாடசாலைகளின் ஆசிரியர் அறைகளில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணிதம் வராது" என்பார் ஒருவர். "இரசாயனமும் அப்படித்தான்" என்பார் மற்றொருவர். "பௌதிகத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்" என்று மூன்றாமவர் முடித்து வைப்பார். இப்படிப் பேசுவோர் பிள்ளைகள்மீது வெறுப்புக் கொண்டவர்கள் அல்லர். அவர்களிற் பலர் அதே லயங்களிலிருந்து படித்து வந்தவர்கள். ஆண்டுதோறும் பரீட்சை முடிவுகளைப் பார்த்துப் பார்த்து மனம் சலித்தவர்கள். ஆயினும் அவர்களுடைய பேச்சில் ஒரு பெரும் பிழை இருக்கிறது. ஒரே குறையை மூன்று பெயர்களால் அழைத்து, மூன்று குறைகள் என்று கணக்கெழுதி விடுகிறார்கள்.

உறவுடைய துறைகள் யாவும் ஒரே அத்திவாரத்தின்மேல் எழுந்த அறைகளேயாம். அளவு, விகிதம், காரண காரியத் தொடர்பு, கண்டதைக் கண்டபடி குறித்துக்கொள்ளும் பழக்கம், சொல்லின் பொருளைத் தெளிந்து ஆளும் திறன் ஆகியவையே அந்த அத்திவாரத்தின் கற்கள். இவை கைவந்த மாணவனுக்கு ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போவது வாசற்படி தாண்டுவது போன்றது. இவை வாய்க்காதவனுக்கோ ஒவ்வோர் அறையும் தனித்தனிக் கோட்டை. முதற் கோட்டையின் மதிலில் முட்டி விழுந்தவன் மூன்றாவது மதிலிலும் முட்டியே விழுகிறான். அதைக் கண்டு, அவனுக்கு எந்த அறையும் ஒத்துவராது என்று நாம் தீர்ப்புக் கூறிவிடுகிறோம்.

இந்த உண்மையைத் தேடி நாம் வேற்று நாட்டு நூல்களுக்குப் போகவேண்டியதில்லை. நம் மக்கள் இம்மலைகளுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை 2023-இல் நினைவு கூர்ந்தோம். அந்த 200 ஆண்டு வரலாறே இதற்குச் சான்று. ஆனால் அந்தச் சான்றுக்கு இரு முகங்கள் உண்டு. பொது அத்திவாரம் இருந்தால் ஒரு மக்கட்கூட்டம் எவ்வளவு விரைவாகப் புதிய தொழில்களைக் கற்கும் என்பதை ஒரு முகம் காட்டுகிறது. அந்த அத்திவாரத்தை ஒரு தலைமுறைக்கு மறுத்துவிட்டால் எத்தனை கதவுகள் ஒருசேர அடைபடும் என்பதை மறுமுகம் காட்டுகிறது.

மூன்று பயிர், ஒரே கை

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவை தேயிலை மலைகள் அல்ல, கோப்பி மலைகள். 1869-இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருப்பதைக் கண்டார்கள். தொடக்கத்தில் அதனைப் பெரிதாக மதித்தவர் சிலரே. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்தத் தூள் ஒரு பெரும் பொருளாதாரத்தையே தின்று தீர்த்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்துவந்த ஓரியண்டல் வங்கி 1884-இல் முறிந்தது. தோட்டக்காரர்கள் முதலில் சிங்கோனாவுக்குத் தாவினார்கள். காய்ச்சலுக்கு மருந்தாகும் கொயினாவைத் தரும் பட்டை அந்த மரத்தினுடையது. எல்லாரும் ஒரே காலத்தில் நட்டமையால் சந்தையில் பட்டை குவிந்து, 1880-களில் அதன் விலையும் சரிந்தது. அதன் பின்னரே தேயிலை மலைகளை முழுவதுமாக மூடியது. ஏறக்குறைய ஒரே தலைமுறைக் காலத்தில் மூன்று பயிர்கள் மாறின.

இந்த மாற்றத்தை எழுதும் நூல்கள் பயிர்களை மாற்றிய துரைமாரின் துணிவைப் புகழ்கின்றன. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மூன்று பயிர்களையும் மண்ணில் நட்டு வளர்த்த கைகள் யாருடையவை? தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து நடந்து வந்த அதே தொழிலாளரின் கைகளே. அவர்கள் பிறந்த ஊர்களில் கோப்பியும் இல்லை, சிங்கோனாவும் இல்லை, தேயிலையும் இல்லை. முப்பது ஆண்டுகளுக்குள் மூன்று அந்நியச் செடிகளின் குணங்களை அவர்கள் எவ்வாறு கற்றார்கள்?

மூன்றுக்கும் அடியில் இருந்தது ஒன்றே என்பதுதான் விடை. சரிவான நிலத்தில் மழைநீர் நேராக ஓடினால் மண்ணையும் அள்ளிச் செல்லும். ஆகவே சரிவுக்குக் குறுக்காகக் கான் வெட்ட வேண்டும். இந்த அறிவு கோப்பிக்கும் பொது, தேயிலைக்கும் பொது. நாற்றை நிழலில் வளர்த்து, வேர் முறியாமல் எடுத்து, குழியில் நடுவதும் அத்தகையதே. கிளையைத் தறித்தால் கீழிருந்து புதுத் துளிர் வரும் என்பதைக் கோப்பியிற் கண்ட கை, தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது புதிதாகத் தடுமாறவில்லை. மண், நீர், சரிவு, வேர், துளிர் ஆகிய இவற்றின் தன்மையே அத்திவாரம். பயிர்களின் பெயர்கள் அதன்மேல் எழுந்த அறைகள்.

துரைமாருள்ளும் இதே உண்மையைக் காணலாம். ஜேம்ஸ் டெயிலர் 1852-இல், பதினேழு வயதும் நிறையாத இளைஞராக ஸ்கொத்லாந்திலிருந்து இங்கு வந்தார். தோட்டத்தொழில் எதுவும் அறியாது வந்தவர் கோப்பியைக் கற்றார், சிங்கோனாவைக் கற்றார், 1867-இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையை நட்டார். தமது பங்களாவின் விறாந்தையிலேயே கொழுந்தை மேசைமீது கையால் உருட்டி, கரியடுப்பில் உலர்த்திப் பார்த்தார். 1873-இல் லூல்கந்துரவிலிருந்து 23 இறாத்தல் தேயிலை லண்டனுக்குப் போயிற்று. சிங்கோனாவிலும் தேயிலையிலும் முன்னோடியாக விளங்கியமைக்காகத் தோட்டக்காரர் சங்கம் 1891-இல் அவருக்கு வெள்ளிப் பாத்திரங்களைப் பரிசளித்தது. அவர் தகுதியுடையவரே, அதில் நமக்கு ஐயமில்லை. ஆயின் அந்த மேசையைச் சுற்றி நின்று, அதே கொழுந்தை உருட்டி, அதே மூன்று பயிர்களைக் கற்ற தொழிலாளரின் அறிவுக்கு எவரும் அறிவு என்று பெயரிடவில்லை. அதைப் 'பழக்கம்' என்றார்கள். துரை கற்றால் அறிவு, தொழிலாளி கற்றால் பழக்கம் என்பது அன்று தொடங்கிய வழக்கு.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் அத்திவாரம் ஒன்றாகிவிடாது. கோப்பிக் கொட்டையின் மேலுள்ள வழுவழுப்பை நீக்கப் புளிக்கவைப்பார்கள். அது நுண்ணுயிர்களின் வேலை. உருட்டிய தேயிலைக் கொழுந்தையும் 'புளிக்கவைத்தல்' என்றே சொல்லிவந்தார்கள். ஆனால் அங்கு நடப்பது உண்மையில் வேறு. இலையின் கலங்கள் நசுங்கியவுடன், உள்ளிருக்கும் நொதியம் காற்றின் ஒட்சிசனைத் துணைகொண்டு இலைச்சாற்றை நிறம் மாற்றுகிறது. ஒரே சொல்லுக்குள் இரண்டு நிகழ்ச்சிகள். பொதுவானவை ஈரம், வெப்பம், காலம் ஆகியவற்றை அடக்கியாளும் திறன்கள். இந்த மூன்றையும் அறிந்தவன் எந்த ஆலையிலும் விரைவில் தொழில் கற்பான். பெயரை மட்டும் பிடித்துக்கொண்டவன் இரண்டு இடங்களிலும் தவறுவான். அத்திவாரத்தைக் கற்பிப்பது என்றால் சொற்களை மனனம் செய்விப்பது அன்று என்பதை ஆசிரியர்களாகிய நாம் இங்கேயே குறித்துக்கொள்வோம்.

ஒரு நோயும் ஒரு விஞ்ஞானியும்

கோப்பியை அழித்த அந்தத் தூள் எது என்று அறிய, 1880-இல் ஹரி மார்ஷல் வோர்ட் என்னும் இளம் தாவரவியலாளர் இலங்கைக்கு வந்தார். பேராதனையைத் தளமாகக் கொண்டு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்தார். கண்ணாடித் தகடுகளில் கிளிசரின் பூசிக் காற்றில் வைத்தார்; அவற்றில் நோயின் வித்திகள் வந்து ஒட்டின. காற்று வழியே பறக்கும் வித்தி, இலையின் மீதுள்ள நீர்த்துளியில் முளைத்து, இலைவாய் வழியாக உள்ளே நுழைகிறது என்று காட்டினார். இடைவெளியின்றிக் கண்ணுக்கெட்டிய மலையெல்லாம் ஒரே பயிரை நட்டதே நோய்க்குத் திறந்த வழியாயிற்று என்றும் விளக்கினார். கோப்பியைக் காப்பாற்ற அவரால் முடியவில்லை. ஆனால் அவருடைய பிற்கால வாழ்வு நம் பொருளுக்குப் பெரிதும் உரியது.

இங்கிலாந்துக்குத் திரும்பியபின் வோர்ட் அவரைச் செடிகளின் வேர்முடிச்சுகளை ஆராய்ந்தார். இஞ்சிப் பானத்தைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்க் கூட்டத்தை ஆராய்ந்தார். தேம்ஸ் நதி நீரிலுள்ள பக்டீரியாக்களை ஆராய்ந்தார். மரங்களை உளுக்கச் செய்யும் பூஞ்சைகளைப் பற்றி எழுதினார். 1895-இல் கேம்பிரிட்ஜில் தாவரவியல் பேராசிரியரானார். கோப்பி இலை, அவரை வேர், குடிபானம், நதிநீர், மரம் என்று மேலோட்டமாகப் பார்த்தால் ஐந்தும் ஐந்து துறைகள். நுணுக்குக்காட்டியின் கீழோ எல்லாம் ஒன்று: நுண்ணுயிர் எவ்வாறு பிறக்கிறது, எதனை உண்கிறது, எவ்வாறு பரவுகிறது என்ற ஒரே வினா. அந்த வினாவைக் கேட்கப் பழகியவருக்கு ஐந்து அறைகளின் கதவுகளும் ஒரு சாவியில் திறந்தன.

இந்தச் சாவி அவருக்கு எங்கிருந்து கிடைத்தது? 1871-இல் தோமஸ் ஹக்ஸ்லி லண்டன் சௌத் கென்சிங்டனில் பாடசாலை ஆசிரியர்களுக்கென்று ஓர் உயிரியல் வகுப்பைத் தொடங்கினார். ஆயிரம் உயிர்களின் பெயர்களை ஒப்பிக்கச் செய்வதை விடுத்து, சில உயிர்களை மட்டும் தெரிந்து, ஒவ்வொருவரும் தம் கையால் அறுத்து, தம் கண்ணால் பார்த்து, தம் பென்சிலால் வரைந்து கற்கும் முறை அது. சிலவற்றை ஆழமாகக் கற்றால் பலவற்றுக்கு வழி திறக்கும் என்பது அதன் அடிப்படை. அந்த ஆசிரியரிடம் பயின்றவர்களுள் வோர்ட்டும் ஒருவர்.

இந்த ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொண்டு நம் மலைகளுக்குத் திரும்புவோம். லண்டனில் ஆசிரியர்களுக்கே அத்திவாரம் இடப்பட்ட அந்தப் பத்தாண்டில், அந்தப் பேரரசின் செல்வத்துக்கு உழைத்த மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு என்ன இடப்பட்டது?

பத்து மணிக்கு முன் பள்ளி

கோப்பிக் காலத்தில் தொழிலாளர் பருவந்தோறும் வந்து, அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். தேயிலை அத்தகைய பயிர் அன்று. ஏழு முதல் பத்து நாளைக்கு ஒரு முறை, ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். கொழுந்து எடுக்கப் பெண்கள் வேண்டும்; ஆகவே குடும்பங்கள் நிலையாகத் தங்கின; லயங்கள் எழுந்தன; அங்கேயே பிள்ளைகள் பிறந்தார்கள். எனவே மலைநாட்டின் கல்விப் பிரச்சினை தேயிலைச் செடியின் இயல்பிலிருந்தே பிறந்தது என்று சொல்லலாம். நிரந்தரத் தொழிலாளரைத் தோட்டம் விரும்பியது. அந்தத் தொழிலாளரின் பிள்ளைகளை என்ன செய்வது என்று அது எண்ணிப் பார்க்கவில்லை. அல்லது எண்ணிப் பார்த்து, அவர்களும் நாளைக்குத் தொழிலாளரே என்று முடிவு கட்டியது.

1854-இல் தொடங்கப்பட்ட 'தமிழ்க் கூலி மிஷன்' சில தோட்டங்களில் பள்ளிகளை நடத்தியது. அதன் பெயரே அந்தக் காலத்தின் மனத்தைக் காட்டும். சில இடங்களில் கங்காணிமாரும் எழுத்தறிந்த பெரியவர்களும் லயத்து வாசலில் மாலைநேரத்தில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அரசாங்கம் வெகுகாலம் கண்ணை மூடியிருந்தது. 1907-ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் சட்டம், 6 வயது முதல் 10 வயது வரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வி தரும் பொறுப்பைத் தோட்ட அதிகாரிகள்மீது சுமத்தியது. 1920-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அதனை மேலும் வற்புறுத்தியது. 10 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் காலை 10 மணிக்கு முன் வேலைக்கு அமர்த்தலாகாது என்றது.

இந்த விதியை ஒரு கணம் நின்று சிந்திப்போம். காலை 10 மணி வரை மாணவன். 10 மணிக்குப் பின் தொழிலாளி. சட்டமே பிள்ளையை இரண்டாக வெட்டியது. ஆறு முதல் பத்து வயது வரை என்று அது வகுத்த எல்லையும் கவனத்துக்குரியது. எழுத்துக் கூட்டவும் கூட்டல் கழித்தல் போடவும் அந்த வயதுகள் போதும். விகிதமும் பின்னமும், காரணம் தேடும் பழக்கமும், தானே வாசித்து அறியும் ஆற்றலும் வேரூன்றுவது பத்து வயதுக்குப் பின்னர்தான். சுவர் எழும்பத் தொடங்கும் வேளையில் மேசனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஓர் ஆசிரியர், ஓர் அறை, ஐந்து வகுப்புகள் என்ற நிலையே பெரும்பாலான தோட்டங்களில் நெடுங்காலம் நீடித்தது.

1945-இல் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. இலங்கையின் கிராமப் பிள்ளைகளுக்கு அது பெரும் விடுதலை. மத்திய கல்லூரிகள் ஏழை விவசாயியின் மகனைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுபோயின. தோட்டப் பள்ளிகளோ அந்தத் திட்டத்துக்கு வெளியே நின்றன. 1947-இல் தோட்டப் பள்ளிகளுக்குக் கட்டடமும் நிலமும் ஆசிரியர் விடுதியும் வழங்கச் செய்து, அவற்றை அரசாங்கம் பொறுப்பேற்க வழிசெய்யும் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது; அது நடைமுறைக்கு வராமலே போயிற்று. 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. வாக்கில்லாத மக்களின் பள்ளிக்கூரையைப் பற்றிக் கவலைப்பட எந்த அமைச்சருக்கும் அவசியம் இருக்கவில்லை. 1960-இலும் 1961-இலும் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் விடுபட்டன. 1972, 1975-ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தின் பின்னர், 1970-களின் பிற்பகுதியில்தான் அவை கட்டம் கட்டமாகத் தேசியக் கல்வியமைப்புக்குள் வந்தன. இலவசக் கல்வியின் வாசல் நாட்டுக்குத் திறந்து முப்பது ஆண்டுகள் கழிந்த பின்பே மலைநாட்டுக்கு அது திறந்தது.

இந்த முப்பது ஆண்டுகளில் இழந்தது என்ன? இரசாயன அறிஞர் இத்தனை பேர், வைத்தியர் இத்தனை பேர், பொறியியலாளர் இத்தனை பேர் என்று தனித்தனியாக எண்ண வேண்டியதில்லை. இழந்தது ஒன்றே: அத்திவாரம். அதோடு எல்லா அறைகளும் போயின.

வேலிக்கு இருபுறமும்

இதே காலத்தில் தேயிலைத் தொழில் தனக்கென்று விஞ்ஞானத்தை வளர்த்துக்கொண்டது. 1925-இல் சட்டம் இயற்றித் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார்கள். பின்னர் அது தலவாக்கலையில் சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்றது. தேயிலைச் சுருட்டுப்புழு பெருகியபோது, அதனைத் தாக்கும் ஒட்டுண்ணிக் குளவி ஒன்றை 1935-36-இல் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். புழுவின் கொடுமை அடங்கியது. 1946-இல் கொப்புள நோய் இலங்கையில் தோன்றியபோது, செம்பு கலந்த மருந்துகளைத் தெளித்துக் கட்டுப்படுத்தினார்கள். பூச்சியியல், பூஞ்சையியல், மண்ணியல், இரசாயனம், தாவரவியல் ஆகிய அனைத்தும் ஒரே கூரையின் கீழ் ஒன்றுக்கொன்று உதவிக்கொண்டன. அடிப்படை பொதுவாயிருந்தமையால் ஒருவரின் பேச்சு மற்றவருக்கு விளங்கிற்று.

முதலாளித்துவத்துக்கு அத்திவாரத்தின் அருமை தெரியாமல் இருந்ததில்லை என்பதே இதிலிருந்து நாம் அறிவது. செடிக்கு அது வேண்டுமென்று தெரிந்தது; செடியைத் தொட்டு வளர்த்தவரின் பிள்ளைக்கு வேண்டாமென்றும் தெரிந்தது. காரணம் விளங்காததன்று. எழுத்தும் எண்ணும் அறிந்த தொழிலாளி முதலில் படிப்பது தன் செக்ரோலைத்தான். தராசில் கழித்த இறாத்தல் எவ்வளவு, கங்காணியின் துண்டில் ஏறிய கடன் எவ்வளவு, பிடித்தம் போகக் கைக்கு வந்தது எவ்வளவு என்று அவன் கேட்கத் தொடங்குவான். துண்டு முறை 1921-இல் சட்டத்தால் ஒழிந்தது; 1927-இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. 1931-இல் கோ. நடேசய்யர் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் அமைத்தார். பத்திரிகையும் துண்டுப்பிரசுரமும் அவருடைய ஆயுதங்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவன் ஒரு லயத்தில் இருந்தால், அந்த லயம் முழுவதும் செய்தி அறியும். சதவீதம் போடத் தெரிந்தவன் சம்பளச் சிட்டையையும் கேள்வி கேட்பான். இரசாயனக் கரைசலின் செறிவையும் விளங்கிக்கொள்வான். இரண்டுக்கும் கணக்கு ஒன்றே. முதற் கேள்விக்கு அஞ்சியவர்கள், இரண்டாவது விளக்கத்துக்கும் சேர்த்தே கதவடைத்தார்கள்.

தமிழ் தடையாயிருந்ததா?

இங்கு ஒரு சாக்கு எழுவதுண்டு: தமிழில் அன்று விஞ்ஞானம் ஏது? இந்தச் சாக்கு நில்லாது. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலிருந்து பணியாற்றினார். 1860-களில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 1873-இல் தாயகம் திரும்பும் வரை மாணவர் குழாம் ஒன்றைத் தமிழிலே வைத்தியராக்கினார். உடற்கூறு, உடலியல், இரசாயனம், மகப்பேற்று மருத்துவம் என்று நூல்கள் தமிழில் வந்தன. அவற்றுக்கு அவர் செய்த முதல் வேலை சொற்களைத் திரட்டுவதாகும். ஓர் உறுப்புக்கு ஒரு நூலில் ஒரு பெயர், மற்றொரு நூலில் வேறு பெயர் என்றிருந்தால் மாணவன் ஒவ்வொரு நூலையும் புதிதாகத் தொடங்க வேண்டும். சொல் ஒன்றானால் ஒரு நூலிற் கற்றது அடுத்த நூலுக்குத் துணை வரும். சொற்றொகுதியும் அத்திவாரத்தின் ஒரு கல் என்பதைக் கிறீன் அறிந்திருந்தார்.

1950-களிலும் 60-களிலும் அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகளும், தமிழில் வந்த பாடநூல்களும் அதே பணியைத் தொடர்ந்தன. 'சமநிலை' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். கொழுந்து நிறுக்கும் தராசில் அதன் பொருளைக் கண்ணால் கண்ட பிள்ளை, பொறியியக்கவியலில் விசைகளின் சமநிலையை அறிவான். இரசாயனத்தில் முன்னும் பின்னும் நிகழும் தாக்கங்களின் சமநிலையை அறிவான். பொருளியலில் சந்தை விலையின் சமநிலையையும் அறிவான். ஒரு சொல், நான்கு அறைகள். இந்தச் சொற்கள் இதே தீவில், இதே தமிழில் உருவானவை. மலைநாட்டுப் பிள்ளைக்கு அவை எட்டாமற் போனதற்கு மொழி காரணம் அன்று. பாதை இல்லாமையே காரணம்.

பாதை கிடைத்த இடங்களில் நடந்ததையும் நாம் மறத்தலாகாது. ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரி போன்ற சில பாடசாலைகள் 1960-களில் மலையக இளைஞர் எழுச்சியின் உலைக்களங்களாயின. அக்கல்லூரியின் அதிபராய் விளங்கிய இர. சிவலிங்கம் போன்றோர், கல்வியைத் தனிமனிதரின் உத்தியோக ஏணி என்று கருதாமல், ஒரு சமுதாயத்தின் நிமிர்வு என்று கருதினார்கள். பின்னர் தோட்டங்களிலிருந்தே இளைஞர்கள் ஆசிரியர்களாக வந்தார்கள். 1990-களில் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி செயற்படத் தொடங்கியது. இன்று மலையகத்திலிருந்து மருத்துவரும் பொறியியலாளரும் பேராசிரியரும் வருகின்றனர். 'வராது' என்ற சொல்லுக்கு அவர்களே நேரான மறுப்பு.

ஆயினும் அவர்கள் சிலரே. உயர்தர விஞ்ஞான வகுப்புகள் உள்ள தமிழ்ப் பாடசாலைகள் மலையகத்தில் இன்றும் குறைவு. கணித, விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை தீரவில்லை. ஆகவே பிள்ளைகள் கலைப் பிரிவில் குவிகிறார்கள். அது அவர்களின் தெரிவு என்கிறோம். ஒரே ஒரு கதவு திறந்திருக்கும் வீட்டில் அந்தக் கதவு வழியாக வெளியேறுவதைத் தெரிவு என்று சொல்லலாமா?

நம் கையிலுள்ள கற்கள்

ஆய்வுகூடமும் ஆசிரியரும் அரசின் கடமை. அந்தக் கோரிக்கையை நாம் ஒருபோதும் தளர்த்தலாகாது. ஆனால் அவை வரும்வரை நாம் கை கட்டி நிற்கவும் தேவையில்லை. அத்திவாரத்துக்கு வேண்டிய கற்கள் தோட்டத்திலேயே கிடக்கின்றன.

100 கிலோ பச்சைக் கொழுந்தில் ஏறக்குறைய 78 கிலோ நீர். மீதி 22 கிலோவே திடப்பொருள். ஆலையிலிருந்து வரும் தேயிலையில் சுமார் 3 சதவீதம் ஈரம் இருக்கும். அப்படியாயின் 100 கிலோ கொழுந்திலிருந்து எத்தனை கிலோ தேயிலை கிடைக்கும்? 22-ஐ 0.97-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 22.7. ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த கொழுந்து வேண்டும். இந்த ஒரே கணக்கில் சதவீதம் இருக்கிறது. ஆவியாதல் என்னும் பௌதிகம் இருக்கிறது. இலையின் கலம் என்னும் தாவரவியல் இருக்கிறது. தாய் எடுத்த கொழுந்து தராசுக்குப் போனபின் என்ன பெறுமதியாகிறது என்னும் பொருளியலும் இருக்கிறது.

நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே நீர் 100 பாகையிற் கொதிப்பதில்லை. ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால்தான் அங்கே பருப்பு வேகத் தாமதமாகிறது. இதை அடுப்பங்கரையில் அன்றாடம் காணும் பிள்ளைக்கு வளிமண்டல அமுக்கம் அந்நியப் பாடமாகுமா? 1885-இல் நானுஓயாவை எட்டிய மலைநாட்டு ரயில்பாதை, செங்குத்தான இடங்களில் 44 அடி சென்றால் 1 அடி ஏறுகிறது. ஏன் நேரே ஏறவில்லை என்று கேட்டால், கேத்திரகணிதமும் விசையும் உராய்வும் ஒருங்கே வந்து நிற்கும்.

இவ்வாறு கற்பிப்பது எளிதன்று. பாடத்திட்டத்தை விரைந்து முடிக்கும்படி அதிகாரிகள் நெருக்குவார்கள். பெற்றோர் புள்ளிகளைக் கேட்பார்கள். ஆயினும் ஒன்றை ஆழமாகக் கற்றவன் மூன்றை விரைவாகக் கற்பான். மூன்றை மேலோட்டமாக ஒப்பித்தவன் ஒன்றையும் கல்லான். கணித ஆசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் தமிழாசிரியரும் வாரத்துக்கு ஒரு தடவை ஒன்றாக அமர்ந்து, இந்த வாரம் எந்தக் கல்லை மூவரும் சேர்ந்து வைப்போம் என்று பேசிக்கொண்டால், அதுவே பெரிய தொடக்கமாகும். அதற்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை.

முப்பது ஆண்டுகளில் மூன்று பயிர்களைக் கற்ற மக்களின் பேரப்பிள்ளைகளே நம் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய பாட்டன் பாட்டிகளுக்கு மண்ணும் நீரும் சரிவும் அத்திவாரமாயின. அவற்றை எவராலும் மறுக்க முடியவில்லை. எண்ணையும் எழுத்தையும் காரணத்தையும் மறுக்க முடிந்தது, ஆகவே மறுத்தார்கள். இனி ஆசிரியர் அறையில் "கணிதம் வராது, இரசாயனம் வராது, பௌதிகம் வராது" என்று யாரேனும் தொடங்கினால், மூன்றையும் ஒன்றாகக் கூட்டிச் சரியான வாக்கியத்தைச் சொல்வோம்: இவர்களுக்கு அத்திவாரம் கொடுக்கப்படவில்லை. வராதது என்றால் நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை. கொடுக்கப்படாதது என்றால், கொடுக்க வேண்டியவர்களுள் நாமும் இருக்கிறோம்.